கார் காப்பீட்டுச் செலவைக் குறைக்க: செட்டிநாட்டில் முதல் கார் வாங்கியவர்களுக்கு

உங்கள் காரின் பாலிசித் தாளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். பிரீமியம், அதாவது நீங்கள் கட்டும் கட்டணம், கணக்கிட்டிருக்கும் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு பத்திகள் தெரியும். ஒன்று உங்கள் காருக்கு நேரும் சொந்தச் சேதத்துக்கு. மற்றொன்று உங்கள் காரால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கு. இதைத்தான் மூன்றாம் நபர் காப்பீடு என்கிறோம். இரண்டையும் கூட்டி, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து, அடியில் மொத்தத் தொகையைப் போட்டிருப்பார்கள்.

இந்த ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர்கள். பேரேட்டில் காரணம் தெரியாத வரி ஒன்று இருந்தால் அன்றைய கணக்கை மூடமாட்டார்கள். அதே வீடுகளில் இன்று ஆண்டுக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க் காப்பீட்டை ஒரு வரிகூடப் படிக்காமல் கட்டிவிடுகிறார்கள். உறவினர் வீடுகளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கட்டும் பணத்தில் ஒரு பகுதி தேவையில்லாதது என்பதும், தேவையான சிலவற்றை 50 ரூபாய்க்காக விட்டுவிடுகிறார்கள் என்பதும்தான் காரணம்.

கை வைக்கக் கூடாத பத்தி

மூன்றாம் நபர் காப்பீடு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. இதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி என்ஜின் கொள்ளளவு 1000 சி.சி. வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். மின்சாரக் காருக்கு 15 சதவீதமும் ஹைபிரிட் காருக்கு 7.5 சதவீதமும் தள்ளுபடி உண்டு. எந்த நிறுவனத்திடம் போனாலும் இந்தத் தொகை மாறாது. ஆகவே இந்தப் பத்தியில் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிறர் உடைமைக்கு நேரும் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை காப்பு இருக்கும். அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் நூறு ரூபாய் மிச்சம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு பழைய வீட்டின் தேக்குத் தூணிலோ, கோயில் வாசலில் நிற்கும் இன்னொரு காரிலோ மோதினால் 6,000 ரூபாய் எந்த மூலைக்கு?

குறைக்கக்கூடியது எல்லாம் சொந்தச் சேதப் பத்தியில்தான் இருக்கிறது.

புதுக் கார் எடுக்கும் நாளில்

ஷோரூமில் கார் விலை, பதிவுச் செலவு, காப்பீடு எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டிக் கொடுப்பார்கள். கார் வாங்கும் மகிழ்ச்சியில் நாமும் நல்ல நேரத்துக்குள் சாவியை வாங்கினால் போதும் என்று இருப்போம். அங்கேயேதான் காப்பீடு எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காரின் வகை, விலை, பதிவு செய்யப்போகும் ஊர் ஆகிய விவரங்களைக் கொடுத்து, டெலிவரிக்கு ஒரு வாரம் முன்பே வேறு இரண்டு மூன்று நிறுவனங்களிடம் தொகை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை ஷோரூமில் காட்டிய உடனேயே அவர்கள் சொன்ன தொகையில் ஆயிரக்கணக்கில் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரே தவணையில் கட்டியாக வேண்டும். 1000 முதல் 1500 சி.சி. காருக்கு அது 10,640 ரூபாய். சொந்தச் சேதக் காப்பீட்டை மட்டும் ஓராண்டுக்கு எடுத்து, அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். இது தெரியாமல், மூன்று ஆண்டுக்கும் சேர்த்துத்தானே கட்டினோம் என்று நினைத்து இரண்டாம் ஆண்டு சொந்தச் சேதக் காப்பீடு இல்லாமலே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

சென்னை போன்ற எட்டுப் பெரிய நகரங்களில் பதிவான கார்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரு மண்டலமாகவும், மற்ற ஊர்க் கார்களை இன்னொரு மண்டலமாகவும் வைத்துக் கணக்கிடுவது நெடுநாள் வழக்கம். காரைக்குடி, தேவகோட்டைக் கார்களுக்குச் சொந்தச் சேதக் கட்டணம் சென்னையைவிடக் குறைவாக வருவது இதனால்தான். சென்னையை விட்டு ஊரோடு வந்துவிட்டவர்கள் ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் முகவரியை மாற்றிய பிறகு, புதுப்பிக்கும்போது நிறுவனத்திடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். மகன் வேளச்சேரியில் ஓட்டுகிற காரை ஊர் முகவரியில் காட்டுவது வேறு விஷயம். அது பொய்த் தகவல், கிளெய்ம் (இழப்பீடு) கேட்கும்போது வம்பாகும்.

நோ கிளெய்ம் போனஸ்: இதுதான் பெரிய பணம்

ஓராண்டு முழுவதும் கிளெய்ம் கேட்காமல் இருந்தால் அடுத்த ஆண்டு சொந்தச் சேதக் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. இரண்டாம் ஆண்டும் கேட்காவிட்டால் 25, பிறகு 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம். அதற்கு மேல் ஏறாது. இடையில் ஒரு கிளெய்ம் கேட்டால் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இதன் மதிப்பு எனக்கு ஒரு விநாயகர் சதுர்த்தியன்று புரிந்தது. பிள்ளையார்பட்டியில் கூட்டத்துக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பின் பம்பர் கல்லில் உரசி விரிசல் விட்டது. ஒர்க்‌ஷாப்பில் 7,000 ரூபாய் ஆகும் என்றார்கள். “ஐயா, இன்சூரன்ஸில் போட்டுவிடலாம், உங்களுக்குக் கைச்செலவு கொஞ்சம்தான்” என்றார் அங்கிருந்தவர். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நான் ஒரு தாளை வாங்கிக் கணக்குப் போட்டேன்.

புது பம்பரின் விலை 3,600 ரூபாய், மீதி பெயின்டும் கூலியும். பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள், 1,800 போயிற்று. பெயின்ட் பொருளின் விலையிலும் பாதியைக் கழிப்பார்கள். 1500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் நம் பொறுப்பு. ஆக நிறுவனத்திடமிருந்து வரக்கூடியது ஏறக்குறைய 3,800 ரூபாய்.

மறுபக்கம் பாருங்கள். எனக்கு அப்போது 50 சதவீத போனஸ் இருந்தது. சொந்தச் சேதக் கட்டணம் தள்ளுபடிக்கு முன் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் கேட்டால் அடுத்த ஆண்டு தள்ளுபடி பூஜ்யம், 4,500 நட்டம். அதற்கடுத்த ஆண்டு 50-க்குப் பதில் 20 சதவீதம், நட்டம் 2,700. பிறகு 2,250, 1,350, 450. ஐந்தாண்டில் கூட்டினால் 11,250, ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 13,275 ரூபாய். காரின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குவதால் உண்மை நட்டம் இதைவிடச் சற்றுக் குறையும். அப்படியே இருந்தாலும் 3,800 ரூபாயை வாங்குவதற்காகப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்? 7,000 ரூபாயைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு வந்தேன்.

நீங்களும் இதே கணக்கை உங்கள் பாலிசியில் உள்ள தொகையை வைத்துப் போட்டு, “இவ்வளவுக்குக் கீழ் செலவென்றால் கிளெய்ம் கேட்கமாட்டேன்” என்று ஒரு வரம்பை இன்றே குறித்து வையுங்கள். விபத்து நடந்த பதற்றத்தில் கணக்கு வராது. போனஸ் இன்னும் ஏறாத முதல் ஆண்டில் வரம்பு தாழ்வாக இருக்கும். ஐந்தாம் ஆண்டில் உயர்ந்திருக்கும்.

போனஸ் உங்களுக்கு உரியது, காருக்கு உரியதல்ல. பழைய காரை விற்கும்போது நிறுவனத்திடம் கேட்டு போனஸ் சான்றுக் கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்றாண்டுக்குள் எடுக்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம். பத்தில் ஒருவர்கூட இதை வாங்குவதில்லை என்றே நினைக்கிறேன். பழைய காரை வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல்: விற்றவரின் போனஸ் உங்களுக்கு வராது. ஆர்.சி. மாறிய 14 நாட்களுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் காரின் சேதத்துக்குப் பணம் கிடைக்காது.

பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த போனஸ் முழுவதும் போய்விடும். பிள்ளையார்பட்டியில் காப்பாற்றிய அதே போனஸை நான் இப்படித்தான் இழந்தேன். அப்பாவை மதுரை மருத்துவமனையில் சேர்த்திருந்த மாதங்கள் அவை. கார் கோட்டையூர் வீட்டில் பூட்டிக் கிடந்தது. யாரும் ஓட்டவில்லை, ஆகவே அவசரமில்லை என்று இருந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது 90 நாள் கடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வெளிநாட்டிலும் சென்னையிலும் இருந்துகொண்டு ஊர் வீட்டில் காரை நிறுத்தியிருப்பவர்கள் இந்தத் தேதியைத் தயவுசெய்து மறக்காதீர்கள்.

கார் யார் பெயரில்?

உரிமையாளர் ஓட்டும்போது விபத்தில் இறந்தாலோ ஊனமுற்றாலோ கிடைக்கும் 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு கட்டாயம் என்று ஒவ்வொரு பாலிசியிலும் தனித்தனியாகக் கட்டணம் சேர்ப்பார்கள். ஒரே ஆளிடம் இரண்டு கார், ஒரு ஸ்கூட்டர் இருந்தாலும் ஒரு காப்பு போதும். 2019 ஜனவரி முதல் இதைத் தனிப் பாலிசியாகவே எடுக்கலாம். ஏற்கெனவே 15 லட்சத்துக்கு விபத்துக் காப்பு வைத்திருப்பவர்கள் அதை எழுதிக் கொடுத்து இந்த வரியை நீக்கச் சொல்லலாம்.

நம் வீடுகளில் ஆச்சி பெயரில் கார் இருப்பது வழக்கம். ஆச்சிக்கு லைசென்ஸ் இல்லை, ஓட்டவும் மாட்டார்கள். ஓட்டுநர் உரிமம் இல்லாத உரிமையாளருக்கு இந்தக் காப்பே பொருந்தாது. ஆனாலும் ஆண்டுதோறும் கட்டணம் வசூலாகிக்கொண்டிருப்பதைப் பல பாலிசிகளில் பார்த்திருக்கிறேன். அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள்.

எடுத்த பணத்தில் 50 ரூபாயை இன்னொரு வரியில் போடுங்கள். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கான சட்டப் பொறுப்புக் காப்பு என்று ஒன்று உண்டு. அதன் கட்டணம் ஒரு டிரைவருக்கு ஆண்டுக்கு 50 ரூபாய்தான். இரவெல்லாம் கண்விழித்து நம்மைச் சென்னையிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கிற மனிதருக்காக இதைச் சேர்க்காமல் விடுவது சிக்கனம் ஆகாது.

கூடுதல் காப்புகள்: ஊருக்குத் தக்கபடி

ஜீரோ டெப் என்பது முன்பு சொன்ன தேய்மானக் கழிவை நீக்கிவிடும் காப்பு. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி கழியும் என்பதால், புதுக் காருக்கு முதல் மூன்று நான்கு ஆண்டுகள் இது அவசியம் என்பது என் கருத்து. ஐந்தாண்டைக் கடந்த காருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம்.

என்ஜின் பாதுகாப்பு பற்றி ஊரைப் பொறுத்துத்தான் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் நீர் போய்விட்டால் சாதாரண பாலிசி பெரும்பாலும் பணம் தராது. 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ குடும்பங்கள் இதைக் கற்றன. செட்டிநாடு வறண்ட பூமி. ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் மழைநீரைப் பிடித்து வைக்கும்படி கட்டியதே அதனால்தான். ஆண்டு முழுவதும் பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் நிற்கும் காருக்கு இந்தக் காப்பை நான் எடுக்கமாட்டேன். அதே கார் நவம்பர், டிசம்பரில் சென்னையில் நிற்குமானால் கட்டாயம் எடுப்பேன்.

நடுவழி உதவிக் காப்பு சில நூறு ரூபாய்தான். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்கு அது பயனுள்ளது. ஆனால் புதுக் காருக்குத் தயாரிப்பு நிறுவனமே இதை இலவசமாகக் கொடுத்திருக்கலாம். பார்த்துவிட்டு வாங்குங்கள். சாவி தொலைந்தால், கைப்பை தொலைந்தால் என்று வரும் சிறிய காப்புகளை விட்டுவிடலாம்.

நீங்களே ஏற்கும் தொகை

கட்டாயம் ஏற்க வேண்டிய 1,000 ரூபாய்க்கு மேல் இன்னும் கொஞ்சத்தை நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் தள்ளுபடி உண்டு. பழைய கட்டண விதிப்படி 5,000 ரூபாய் ஏற்றால் சொந்தச் சேதக் கட்டணத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய் குறையும். சிறிய கிளெய்ம் கேட்பதில்லை என்று ஏற்கெனவே முடிவெடுத்தவருக்கு இது பொருத்தமானது, எப்படியும் கேட்கப்போவதில்லையே. 15,000 ரூபாய் வரை ஏற்க வழியிருந்தாலும், அந்த விதியில் தள்ளுபடி 2,500 ரூபாயைத் தாண்டாது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் முதல் ஓராண்டுக்கு இதைத் தொடவே வேண்டாம்.

அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவிக்கு 2.5 சதவீதமும் ஆட்டோமொபைல் சங்க உறுப்பினர்களுக்கு 5 சதவீதமும் அதே விதியில் உண்டு. ஆனால் சங்கத் தள்ளுபடிக்கு உச்சவரம்பு 200 ரூபாய்தான். அதற்காகவே சந்தா கட்டிச் சேர்வது வீண்.

அதிகம் ஓடாத கார்

வாரத்துக்கு ஒருமுறை குன்றக்குடி, மாதத்துக்கு ஒருமுறை திருப்பத்தூர் என்று ஓடும் கார்கள் இங்கே நிறைய. 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஓடும் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் முறைக்கு அனுமதி கொடுத்தது. ஆண்டுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவர்கள் அந்த வகைப் பாலிசியைக் கேளுங்கள். தூர வரம்பு தாண்டப்போகிறது என்றால் முன்கூட்டியே பணம் கட்டி நீட்டிக்க வழி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். மணிவிழாச் சாந்தி, கல்யாணம் என்று ஒரே மாதத்தில் 2,000 கிலோமீட்டர் ஓடுவது இங்கே சாதாரணம்.

பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுப் பழைய காராக இருந்து, அதன் விலையே ஒரு லட்சத்துக்குள் என்றால், சொந்தச் சேதக் காப்பை விட்டுவிட்டு மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் வைத்துக்கொள்வது நியாயமான முடிவு.

செய்யக் கூடாத சிக்கனம்

காருக்கான காப்பீட்டு மதிப்பைத் தாழ்த்திக் காட்டினால் பிரீமியம் குறையும். ஐந்தாண்டு வரை இந்த மதிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு: ஓராண்டிலிருந்து இரண்டாண்டு வரை புதுக் கார் விலையில் 20 சதவீதக் கழிவு, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. கார் திருடுபோனாலோ, பழுதுச் செலவு இந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ இதுதான் உங்கள் கைக்கு வரும் தொகை. தொகைகளை ஒப்பிடும்போது எல்லா நிறுவனங்களிடமும் மதிப்பு ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவாகத் தெரிவது மதிப்பைக் குறைத்ததால் வந்த மலிவாக இருக்கும்.

இன்னொன்று இங்கே அதிகம் நடக்கிறது. கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடி ஓடு செய்வதையும் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக் காரை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால் கிளெய்ம் மறுக்கப்படும். அந்தத் தொழில் செய்ய விரும்பினால் வாடகை வாகனமாகப் பதிந்து அதற்குரிய காப்பீட்டை எடுங்கள். கிளெய்ம் கேட்டதை மறைத்து, புதிய நிறுவனத்திடம் போனஸ் இருப்பதாகச் சொல்வதும் இப்படித்தான் முடியும். அவர்கள் பழைய நிறுவனத்திடம் விசாரிப்பார்கள்.

புதுப்பிக்கும் மாதத்தில்

முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு தொடங்குங்கள். ஆர்.சி., பழைய பாலிசி, புகைச் சான்று மூன்றையும் எடுத்து வையுங்கள். ஒரே மதிப்பு, ஒரே கூடுதல் காப்புகள், ஒரே போனஸ் என்று வைத்து மூன்று நிறுவனங்களிடம் கேளுங்கள். ஒன்று பொதுத்துறை நிறுவனமாக இருக்கட்டும். உங்களுக்குத் தெரிந்த முகவரிடமும் கேளுங்கள். விபத்து நேரத்தில் போனை எடுத்து நேரில் வந்து நிற்கும் ஆளுக்கு நூறு இருநூறு அதிகம் கொடுப்பது தவறில்லை.

பிறகு, பணம் கட்டாமல் பழுதுபார்க்கும் வசதியுள்ள ஒர்க்‌ஷாப்புகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். காரைக்குடியில் ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 500 ரூபாய் மலிவான பாலிசியை எடுத்துவிட்டு, அடிபட்ட காரை மதுரைக்கோ திருச்சிக்கோ 80, 90 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போனால் அந்த 500 ரூபாய்க்குப் பொருளில்லை.

பாலிசி முடிவதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிடுங்கள். ஒருநாள் தவறினாலும் காரை நேரில் பார்வையிட்ட பிறகுதான் தருவோம் என்பார்கள். அதுவரை காருக்குக் காப்பு இல்லை.

புதிய பாலிசி வந்ததும் என்ஜின் எண், சேஸிஸ் எண், பதிவு எண் ஆகியவற்றை ஆர்.சி.யோடும், போனஸ் சதவீதம், வாரிசுதாரர் பெயர் ஆகியவற்றைப் பழைய பாலிசியோடும் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அன்றே மின்னஞ்சலில் எழுதித் திருத்தச் சொல்லுங்கள். ஒரு பிரதியைக் காரிலும் ஒன்றை டிஜிலாக்கரிலும் வைத்துவிட்டு, அடுத்த ஆண்டின் இரண்டு முடிவுத் தேதிகளையும் உங்கள் கிளெய்ம் வரம்பையும் வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.